கட்-ஆஃப் இல்லாத இடத்தில்

அன்புள்ள கண்ணம்மா,

ஹார்வர்டுக்கும் எம்.ஐ.டி.க்கும் எத்தனை மார்க் எடுத்தால் இடம் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்காக 200க்குக் கட்-ஆஃப் போட்டுப் பார்க்கும் ஊரில் வளர்ந்தவளுக்கு வேறு எந்தக் கேள்வி முதலில் வரும்? ஆனால் அந்த இடங்களுக்கு அப்படி ஓர் எண் கிடையாது.

ஹார்வர்டின் மாணவர் சேர்க்கை முறையை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2018இல் பாஸ்டனில் விசாரணைக்கு வந்தபோது, அதுவரை மூடிய அறைக்குள் நடந்ததெல்லாம் வெளியே வந்தது. ஓராண்டில் விண்ணப்பித்த ஏறத்தாழ 35,000 பேரில் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் கணக்குப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் மட்டும் சுமார் 3,400 பேர். பள்ளி மதிப்பெண்ணில் ஒரு குறையும் இல்லாதவர்கள் 8,000க்கும் மேல். வகுப்பில் இருந்த இடமோ சுமார் 1,600. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எடுப்பதானால் அதே வகுப்பை ஐந்து முறை நிரப்பலாம்.

அதற்காக மார்க் முக்கியமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. கொரோனா காலத்தில் எஸ்.ஏ.டி.யைத் தளர்த்திய எம்.ஐ.டி. 2022இல் அதை மறுபடி கட்டாயமாக்கியது. வசதி குறைந்த பள்ளியில் படித்தவருடைய திறமையைக் கண்டுகொள்ள அந்தத் தேர்வு உதவுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 2024இல் ஹார்வர்டும் அதே முடிவுக்கு வந்தது. ஆகவே கணக்கை விடாதே. அதற்குப் பிறகு என்ன பார்க்கிறார்கள் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்ல நினைக்கிறேன்.

ஹார்வர்டில் படிப்பு, பாடத்துக்கு வெளியே செய்தவை, விளையாட்டு, ஆளுமை என்று தனித்தனியே தரம் போடுகிறார்கள். 1 முதல் 6 வரை, 1தான் உயர்ந்தது. உன் பகுதிக்குப் பொறுப்பான அலுவலர் உன் தாள்களைப் படிப்பார். அவருக்குப் பிடித்திருந்தால், சுமார் 40 பேர் உட்கார்ந்திருக்கும் குழுவின் முன் உனக்காகப் பேசுவார். பிறகு வாக்கெடுப்பு. உன்னை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவர் உனக்காக வாதாட வேண்டும் என்பதை மனதில் வை. "நல்ல மார்க், நல்ல பெண்" என்பதை வைத்துக்கொண்டு அவர் என்ன பேசுவார்? கைக்கு எட்டிய தூரத்தில் இருந்ததைக் கொண்டு நீ என்ன செய்தாய் என்பதைச் சொல்ல முடிந்தால் அவருக்குப் பேச்சு வரும்.

'கைக்கு எட்டிய தூரம்' என்று யோசித்துத்தான் எழுதினேன். உன் பள்ளியில் என்னென்ன பாடம் உண்டு, அங்கே படிப்பவர்கள் வழக்கமாக எங்கே போகிறார்கள் என்ற விவரமும் விண்ணப்பத்தோடு போகிறது. ரோபோட்டிக்ஸ் ஆய்வகம் இல்லாத பள்ளியில் நீ ரோபோ செய்யவில்லை என்று யாரும் குறை எழுத மாட்டார்கள்.

பல கல்லூரிகளுக்குப் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகளைக் குறிக்கலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க வெறும் 150 எழுத்து. அந்தப் பட்டியலில் சம்பள வேலைக்கும் இடம் உண்டு, குடும்பப் பொறுப்புக்கும் இடம் உண்டு. இது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. சனி ஞாயிறுகளில் அப்பாவின் ஹார்டுவேர் கடையில் நீ பில் போடுகிறாய். இருப்புக் கணக்கை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றினாய். எந்த அளவு ஆணி எந்த மாதம் தீர்ந்துபோகிறது என்று நீ கண்டுபிடித்துச் சொன்ன பிறகு அப்பா கொள்முதல் செய்யும் முறையே மாறியது. உன் அம்மா இதை எழுத வேண்டாம், கௌரவமாக இருக்காது என்கிறார். அண்ணியிடம் நானே பேசுகிறேன். அதை எழுது. பட்டியலில் முதலாவதாக எழுது.

ஆலோசனை நிறுவனம் ஒன்று காட்டிய பேக்கேஜ் பற்றியும் எழுதியிருந்தாய். பணம் கட்டினால் பெயர் போட ஓர் ஆய்வுக் கட்டுரை, தலைவர் பதவியோடு ஒரு தொண்டு அமைப்பு. வேண்டாம். எம்.ஐ.டி. தன் படிவத்தில் நான்கே நான்கு செயல்பாடுகளைத்தான் கேட்கிறது. எண்ணிக்கைக்கு அங்கே மரியாதை இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எதை எவ்வளவு கருதுகிறோம் என்று அவர்கள் ஆண்டுதோறும் வெளியிடும் தகவல் தொகுப்பில் மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் 'முக்கியம்'. 'மிக முக்கியம்' என்ற கட்டத்தில் இருப்பது குணநலன் ஒன்றுதான். காசுக்கு வாங்கிய கட்டுரையை அந்தக் கட்டத்தில் எப்படி வைப்பாய்?

ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதத்தில்தான் நம் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். மாணவியே எழுதிக்கொண்டுபோய் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குவது நம் பக்கம் சகஜம். அப்படிச் செய்யாதே, அது பொய். பயனும் இல்லை, ஏனென்றால் நீ அறியாத உன்னை ஆசிரியர் அறிவார். 'ஒழுக்கமானவள், கடின உழைப்பாளி, முதல் மதிப்பெண்' என்ற கடிதம் ஆயிரம் பேருக்குப் பொருந்தும். டைட்ரேஷன் அளவு சரியாக வராத நாளில் எல்லோரும் புத்தக விடையை எழுதிவிட்டுப் போக, நீ மட்டும் மறுநாள் இடைவேளையில் வந்து கரைசலை மறுபடி தயாரித்தாயே, அதை உன் வேதியியல் மிஸ் எழுதினால் அது உனக்கு மட்டும்தான் பொருந்தும். அவருடைய ஆங்கிலம் எளிமையாக இருந்தால் இருக்கட்டும். எம்.ஐ.டி.க்குக் கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவர், ஹியூமானிட்டீஸ் பாட ஆசிரியர் ஒருவர் என இருவர் எழுத வேண்டும். மொழிப் பாடமும் இதில் சேரும்.

காமன் ஆப் கட்டுரைக்கு 650 சொல் உச்ச வரம்பு. அப்துல் கலாமைப் பற்றி எழுதினால், படிப்பவர் கலாமைத் தெரிந்துகொள்வார்; உன்னைத் தெரிந்துகொள்ள மாட்டார். பெரிய சோகமோ பெரிய வெற்றியோ தேவையில்லை. நீ ஒன்றை நம்பி, பிறகு மாற்றிக்கொண்ட ஒரு விஷயம் போதும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதி உன்னுடையது என்று அனுப்பினால் காமன் ஆப் அதை மோசடியாகவே கருதும்.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் வழி வேறு. அங்கே நீ சேர விரும்பும் பாடம் ஒன்றுதான் பேச்சு. நீச்சல் பதக்கமும் பேச்சுப் போட்டிக் கோப்பையும் அவர்களுக்கு வேண்டாம். பல பாடங்களுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. டிசம்பரில் அந்தப் பாடத்தைக் கற்பிப்பவர்களே நேர்காணல் செய்வார்கள். உனக்குத் தெரியாத கணக்கைக் கொடுத்து வாய்விட்டு யோசிக்கச் சொல்வார்கள். தவறான வழியில் போய், சின்னக் குறிப்பு கிடைத்ததும் திரும்பத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஓர் ஆண்டில் இரண்டில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம்.

'ஆளுமை' என்று சொன்னேனே, அதன் கறுப்புப் பக்கத்தையும் தெரிந்துகொள். 1920களில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் பெருகியபோது, அதன் தலைவர் லோவெல் அவர்களுக்கு வரம்பு போட விரும்பினார். வெளிப்படையாகச் செய்ய முடியாததை, குணநலன் பார்க்கும் முறை சில ஆண்டுகளில் செய்து கொடுத்தது. 2018 வழக்கிலும் ஆசிய அமெரிக்க விண்ணப்பதாரர்களுக்கு ஆளுமைத் தரம் சராசரியில் குறைவாக இருந்தது பெரிய விவாதமானது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான சேர்க்கைக்குத் தடை போட்டது. அதே வழக்கில் இன்னொன்றும் தெரிந்தது. விளையாட்டுக்காக அழைக்கப்பட்டவர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், பெரும் நன்கொடையாளர்களின் பிள்ளைகள் போன்றோர், பேராசிரியர்களின் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து விண்ணப்பதாரர்களில் 5 சதவீதம்கூட இல்லை. இடம் பெற்றவர்களிலோ சுமார் 30 சதவீதம். பெற்றோர் அங்கே படித்ததற்கு எம்.ஐ.டி. எந்தச் சலுகையும் தருவதில்லை. மற்ற இடங்களைக் கேட்டுத் தெரிந்துகொள். மறுப்புக் கடிதம் வந்தால் இந்த எண்களை ஒருமுறை எடுத்துப் பார்.

பணத்தைப் பற்றி அப்பாவிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போதும் உதவித்தொகை கேட்கிறாரா என்று பார்ப்பதில்லை. எடுத்துவிட்டால் தேவையான உதவியைத் தருகிறார்கள். வேறு பல கல்லூரிகள் பார்க்கும். இடம் கிடைத்தால் சேர்ந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையோடு முன்கூட்டியே விண்ணப்பம் கேட்கும் கல்லூரிகளில், செலவுக் கணக்குத் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. ஹார்வர்டுக்கு முன்கூட்டிய விண்ணப்பம் என்றால் நவம்பர் 1, இல்லையென்றால் ஜனவரி 1. நீ இப்போது பிளஸ் ஒன் என்பதால் எஸ்.ஏ.டி.யை இரண்டு முறை எழுத நேரம் இருக்கிறது. வேதியியல் மிஸ்ஸிடம் மட்டும் ஆண்டுத் தேர்வுக்கு முன்பே பேசிவிடு. லீவு விட்டதும் அவர் ஊருக்குப் போய்விடுவார்.

அன்புடன்,
அத்தை