தேவையை எழுதிக் கொடுப்பது எப்படி?

“எங்கள் ஊருக்கு மேல்நிலைத் தொட்டி ஒன்று வேண்டும்” என்று தொடங்கும் ஊராட்சி விண்ணப்பங்கள் பல. தொட்டி தேவையன்று, தேவையைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்று. தேவையோ தண்ணீர். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் வகுத்த திட்டம், தொட்டியைத் தந்துவிட்டுத் தண்ணீரைத் தராமற் போவதுண்டு.

ஆகவே மதிப்பீடு தயாரிக்குமுன் தேவைப் பத்திரம் ஒன்றை நாம் எழுதிக்கொள்ளுதல் இன்றியமையாதது. தொழில் நிறுவனங்களும் ஒரு திட்டத்தில் பணம் இடுமுன் இத்தகைய ஆவணத்தையே எழுதுகின்றன. குழாயை எவ்வாறு பதிப்பதென்பது பொறியாளர் அறிந்தது; கோடையில் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நீர் நின்றுவிடுகிறதென்பது ஊரார் அறிந்தது.

ஆயிரம் பேர் வாழும் சிற்றூர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2019 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கம் ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் என அளவு வகுத்தது. அவ்வாறாயின் ஊருக்கு 55,000 லிட்டர் வேண்டும். “போதிய நீர்” என்று எழுதினால் அதை எவரும் அளக்க இயலாது. “சித்திரை, வைகாசியிலும், கடைக்கோடி வீட்டுக் குழாயிலும், ஆளுக்கு 55 லிட்டர்” என்று எழுதினால், வேலை முடிந்தபின் குடத்தைக் கொண்டே சோதித்துவிடலாம். கடைக்கோடி என்ற சொல்லை விட்டுவிடலாகாது. மேட்டிலும் குழாயின் முடிவிலும் உள்ள வீடுகளுக்கே நீர் முதலில் குறைகிறது. அங்கே வாழ்வோரே பெரும்பாலும் கூட்டத்திலும் பின்னால் நிற்பவர்கள். குடம் சுமக்கும் பெண்களைக் கேளாமல் எழுதிய பத்திரம் அரைப் பத்திரமே. (குழாயில் மோட்டார் பொருத்தி உறிஞ்சுவோரைப் பற்றி எழுதப் புகுந்தால் கட்டுரை நீண்டுவிடும்!)

நீரின் தன்மையையும் குறிக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி; பல்லையும் எலும்பையும் அது கெடுக்கும். அங்கே தேவையை “இன்னுமோர் ஆழ்துளைக் கிணறு” என்று எழுதினால் அதே நீரே மீண்டும் கிடைக்கும். “ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படாத நீர்” என்று எழுதினாலோ, வேறு ஊற்றைத் தேடியே ஆகவேண்டும். 2013 ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை அம்மாவட்டங்களுக்குக் கொணர்ந்தது இக்காரணம் பற்றியே.

மோட்டாரை யார் இயக்குவது, மின் கட்டணம் எக்கணக்கில் சேரும், தோட்டப் பாசனம் இதில் அடங்காது என்பனவற்றையும் ஓரிரு வரிகளில் எழுதிவிட வேண்டும்.

பின்னர் பத்திரத்தைக் கிராம சபையில் உரக்கப் படித்து, ஒப்புதல் பெறவேண்டும். அதன்பின் மாற்றம் வேண்டுமாயின் பழைய வரியை அழிக்காது, கீழே தேதியிட்டு, செலவு எவ்வளவு கூடுமென்றும் எழுதிச் சேர்க்க வேண்டும். வேலை நடக்கும்போது ஒப்பந்தக்காரரிடம் வாய்மொழியாக, “அந்தத் தெருவுக்கும் இரண்டு குழாய் போட்டுவிடுங்கள்” என்று சொல்வதால்தான் கடைக்கோடி வீட்டின் நீர் குறைந்துபோகிறது.