நன்றி கேளாத் தொண்டரும் நன்றி கூற வேண்டிய நாமும்

 

நகரைவிட்டுத் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். அங்கே வாரம் ஒருமுறை, அஸர் தொழுகை முடிந்ததும், ஒருவர் மன்றத்தின் கதவைத் திறக்கிறார். விளக்கைப் போடுகிறார், பாயை விரிக்கிறார், பந்துக்குக் காற்றடிக்கிறார். பத்துப் பதினைந்து பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். ஓதுகிறார்கள், பேசிப் பழகுகிறார்கள், விளையாடுகிறார்கள். மஃரிபுக்குப் பின் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு அவரும் போய்விடுகிறார். அவர் சம்பளம் பெறுபவர் அல்லர். பகலெல்லாம் தம் பிழைப்பைப் பார்த்துவிட்டு, எஞ்சிய நேரத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர். அவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்ன என்பதே இன்றைய பாடம்.

1. இரண்டு போதனைகள்

அல்லாஹ்வுக்காகச் செய்யும் காரியத்துக்கு மனிதரின் நன்றி எதற்கு என்று சிலர் கேட்பர். இக்கேள்விக்கு ஆதாரமும் உண்டு. திருமறையின் 76ஆவது அத்தியாயம், ஏழைக்கும் அநாதைக்கும் உணவளிக்கும் நல்லடியார்களைப் பற்றிக் கூறுகிறது. தாங்கள் இறைவனுக்காகவே அளிப்பதாகவும், பெறுபவரிடமிருந்து கைம்மாறோ நன்றியோ நாடவில்லை என்றும் அவர்கள் கருதுவதாக அங்கே காண்கிறோம். இதுவே இக்லாஸ்.

ஆனால் மற்றொரு போதனையும் உண்டு. மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவன் ஆகான் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளனர்.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என எண்ண வேண்டாம். முதலாவது, கொடுப்பவனுக்குச் சொல்லப்பட்டது; இரண்டாவது, பெறுபவனுக்குச் சொல்லப்பட்டது. கொடுப்பவன் நன்றியை எதிர்பார்க்கக் கூடாது. பெறுபவன் நன்றியை மறக்கக் கூடாது. நாமோ பல வேளைகளில் பாடத்தை மாற்றிப் படித்து விடுகிறோம். தொண்டருக்கு இக்லாஸைப் போதித்துவிட்டு, நம்முடைய கடனிலிருந்து நாமே நழுவிக் கொள்கிறோம். அவருடைய இக்லாஸ் அவருக்கும் இறைவனுக்கும் இடையே உள்ளது. அதை நம் நன்றியின்மைக்குப் போர்வையாக்குவது நியாயம் ஆகாது.

2. நாயகமும் வாலிபர்களும்

வாலிபரை வழிநடத்தும் பணி எத்தன்மையது? ஸஹீஹுல் புகாரியில் மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் கூறும் செய்தியைக் காண்போம். ஏறத்தாழ ஒரே வயதுடைய வாலிபர் சிலர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து இருபது இரவுகள் தங்கினர். அவ்விளைஞருக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது என்பதைப் பெருமானார் தாமாகவே உணர்ந்து, வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பின்னர், திரும்பிச் சென்று தம் மக்களுக்குக் கற்றுக் கொடுக்குமாறும், தம்மைப் பார்த்தவாறே தொழுமாறும் பணித்து அனுப்பினார்கள்.

இதில் இளைஞர் தலைவருக்குரிய மூன்று பண்புகளைக் காணலாம். அவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்து மனத்தை அறிகிறார். சொல்லால் மட்டுமின்றிச் செயலாலும் கற்பிக்கிறார். கற்றவனைத் தன்னிடமே நிறுத்திக் கொள்ளாமல், பிறருக்குக் கற்பிப்பவனாக அனுப்பி வைக்கிறார். இத்தகைய பணியை நம் ஊரில் ஒருவர் சிறிதளவேனும் செய்வாராயின், அவர் நமக்குச் செய்வது பேருதவி அன்றோ?

3. அயல்நாட்டு வரலாறு ஒன்று

நாட்டுப்புற இளைஞர் மன்றங்களுக்கு அமெரிக்காவின் ‘ஃபோர்-எச்’ இயக்கம் நல்ல எடுத்துக்காட்டு. ஒஹையோ மாநிலத்தின் கிளார்க் வட்டாரத்தில், ஏ. பி. கிரஹாம் என்னும் பள்ளி மேற்பார்வையாளர் 1902ஆம் ஆண்டு ஜனவரியில் உழவர் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி ஒரு மன்றம் தொடங்கினார். சோளம் பயிரிடுவது, மண்ணைச் சோதிப்பது போன்றவற்றை அவர்கள் செய்து கற்றார்கள். 1910இல் தென் கரோலினா மாநிலத்தில் மேரி குரோமர் என்னும் ஆசிரியை பெண்பிள்ளைகளுக்கெனத் தக்காளி மன்றம் அமைத்தார். ஒவ்வொரு பெண்ணும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் பயிர் செய்து, விளைந்ததை டப்பாக்களில் அடைத்து விற்றாள். தலை, இதயம், கைகள், உடல்நலம் என்னும் நான்கின் ஆங்கிலப் பெயர்களும் ‘எச்’ எழுத்தில் தொடங்குவதால் இவ்வியக்கத்துக்கு அப்பெயர் அமைந்தது.

புதிய விவசாய முறைகளை ஏற்கப் பெரியவர்கள் தயங்கினர். பிள்ளைகளோ துணிந்து செய்து பார்த்தனர். மகனுடைய பாத்தியில் விளைச்சல் மிகுந்ததைக் கண்ட பின்னரே தகப்பனும் அம்முறையைக் கைக்கொண்டான். 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டத்தால் விவசாய விரிவாக்கப் பணிக்கு அரசாங்க உதவி கிடைத்தது. ஆயினும் ஒரு வட்டாரத்துக்கு ஓரிரு அதிகாரிகள் எத்தனை சிற்றூர்களுக்குச் செல்ல முடியும்? ஊர்தோறும் மன்றத்தைத் தாங்கி நின்றவர்கள், கூலி பெறாத உழவரும் இல்லத்தரசிகளும் ஆசிரியருமே. சட்டமும் பணமும் வழியை அமைத்தன. பிள்ளைகளின் கையைப் பிடித்து அவ்வழியில் நடத்தியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

நம் மலேசியாவிலும் 1960களில் தோன்றிய 4பி இளைஞர் இயக்கம் கம்பத்து வாலிபரிடையே வேரூன்றியது. எந்த நாடாயினும், தொண்டர் ஒருவர் கதவைத் திறந்தால்தான் மன்றம் நடக்கும்.

4. இல்லாதபோது தேடுதல்

மதீனாப் பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒரு பெண்மணி காலமானார். அதைச் சிறிய காரியமாக எண்ணிய தோழர்கள் நாயகம் (ஸல்) அவர்களுக்குத் தெரிவிக்காமலே அடக்கம் செய்துவிட்டனர். பெருமானார் அப்பெண்மணியைக் காணாமல் விசாரித்தார்கள். செய்தி அறிந்ததும், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என வினவி, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். புகாரியும் முஸ்லிமும் இதனை அறிவிக்கின்றன.

நன்றியின் முதற்படி கவனித்தல் என்பதை இதனால் உணர்கிறோம். நம் மன்றத் தொண்டர் இரண்டு வாரம் வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? “ஏன் மன்றம் பூட்டிக் கிடக்கிறது?” என்று குறை கேட்கிறோம். “அவருக்கு உடம்புக்கு என்ன?” என்று கேட்பவர் எத்தனை பேர்? தொண்டர் ஒருவர் மனம் சோர்ந்து விலகும்போது பெரும்பாலும் ஓசையில்லாமலே விலகுகிறார். பிள்ளைகள் மாலை வேளையில் போக்கிடமின்றித் தெருமுனையில் நிற்கத் தொடங்கிய பின்னர்தான் நம் இழப்பு நமக்குத் தெரிகிறது. அப்போது மாலையோடு சென்று அழைத்தாலும் மீண்டும் வருவாரா?

5. நன்றி செலுத்தும் முறை

நன்றி என்பது முகத்துக்கு எதிரே அளவின்றிப் புகழ்வது அன்று. ஒருவர் மற்றவரை எல்லை மீறிப் புகழ்ந்தபோது, தோழரின் கழுத்தை வெட்டிவிட்டீரே என்னும் பொருள்பட நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். ஆகவே பின்வருவனவற்றைக் கவனிப்போமாக.

முதலாவது, துஆ. உதவி செய்தவருக்கு ஈடு செய்யுங்கள். இயலாவிடில் ஈடு செய்துவிட்டோம் என்று மனம் அமையும்வரை துஆச் செய்யுங்கள் என்பது நபிபோதனையின் கருத்து. ‘ஜஸாக்கல்லாஹு கைரன்’ என்று மனமாரச் சொல்வதற்குச் செலவு ஏதும் இல்லை. அதை உங்கள் பிள்ளையின் வாயாலும் சொல்லச் செய்யுங்கள்.

இரண்டாவது, குறிப்பான சொல். “நல்ல சேவை” என்று பொதுவாகக் கூறுவதைவிட, “என் மகன் இப்போது பஜ்ருக்குத் தானே எழுகிறான்; உங்களிடம் பழகிய பழக்கம்” என்று கூறுங்கள். அது புகழ்ச்சி அன்று, சாட்சியம். தம் உழைப்பு எங்கே பலித்தது என்பதை அவர் அறிந்து கொள்வார்.

மூன்றாவது, செலவு. பந்துக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் எண்ணெய்க்கும் அவர் சட்டைப்பையிலிருந்து போகும் வெள்ளியைச் சங்கம் கேட்டறிந்து கொடுத்துவிட வேண்டும். அவர் கேட்கட்டும் என்று காத்திருத்தல் முறையன்று, மானமுள்ளவர் கேட்கமாட்டார்.

நான்காவது, துணை. ஒரு தோளில் எல்லாப் பாரத்தையும் ஏற்றாதீர்கள். பெற்றோர் முறைவைத்து வாரம் ஒருவர் உடனிருந்தால் வேலையும் குறையும், பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, தொண்டர்மீது வீண்பழி எழவும் இடமிராது. கணக்கை இருவர் பார்ப்பதும் அவ்வாறே. மேற்பார்வை அவநம்பிக்கை அன்று. நல்லவரின் நற்பெயருக்கு அது வேலி.

ஐந்தாவது, அவர் குடும்பம். நம் பிள்ளைகளோடு அவர் கழிக்கும் ஒவ்வொரு மாலையும் அவருடைய மனைவி மக்கள் விட்டுக்கொடுத்த மாலையாகும். விருந்துக்கு அவரை அழைக்கும்போது அவர்களையும் அழையுங்கள். மன்றம் நடத்துபவர் பெண்மணியாயின், அவருக்கும் அவர் வீட்டாருக்கும் இதே மரியாதை உரியது.

முடிவாக, நம் தமிழில் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று திருக்குறளில் தனி அதிகாரமே உண்டு. நம் மார்க்கமும் நம் மொழியும் ஒருசேர வற்புறுத்தும் ஒன்றை நாம் ஆண்டுவிழா மேடையில் ஒரு பொன்னாடையோடு முடித்துவிடலாகாது. ஆண்டுக்கு ஒருமுறை போர்த்தும் ஆடையைவிட, வாரந்தோறும் உடன்வந்து பாயை விரிக்கும் ஒரு கை மேலானது.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. உங்கள் பிள்ளையின் மன்றத்தை நடத்துபவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கடைசியாக எப்போது அவரிடம் பேசினீர்கள்?

2. அவர் தம் சொந்தப் பணத்தில் செய்துவரும் செலவு எவ்வளவு என்று உங்கள் சங்கம் கேட்டதுண்டா?

3. அடுத்த மாதம் அவரால் வர இயலாவிட்டால், கதவைத் திறக்க இன்னொருவர் உண்டா? அந்த இன்னொருவர் நீங்களாக இருக்கலாமா?

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்காக உழைப்போரின் பணியை ஏற்றுக் கொள்வானாக. நம்மையும் நன்றியுடையோர் கூட்டத்தில் சேர்ப்பானாக. ஆமீன்.