பத்துக் கிலோ ஏறும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை மாதம். பிறக்கும்போது 2.8 கிலோ இருந்தான், இப்போது 4.1. பால் குடிக்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிடமே மூச்சு வாங்குகிறது. நெற்றியெல்லாம் வியர்த்து, பாதியிலேயே தூங்கிவிடுகிறான். இரண்டாம் மாதம் சளி என்று தூக்கிக்கொண்டு போனபோது இதயத்தில் ஓட்டை என்றார்கள். எக்கோவில் 7 மில்லிமீட்டர் வி.எஸ்.டி. என்று வந்திருக்கிறது. மருந்து கொடுத்தும் எடை ஏறவில்லை. மாதக் கடைசிக்குள் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். என் மாமியாரோ, “நாலு கிலோ பிள்ளைக்கு நெஞ்சைப் பிளக்கிறதா? ஆடி கழியட்டும், பத்துக் கிலோ ஏறட்டும்” என்கிறார். நாத்தனார் மகளுக்கும் இதயத்தில் ஓட்டைதான். அவளை நாலு வயது வரை காத்திருக்கச் சொல்லி, தொடை வழியாகவே மூடினார்கள். பக்கத்துத் தெருப் பையனுக்குத் தானாகவே மூடிக்கொண்டதாம். நான் யார் சொல்வதைக் கேட்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் டாக்டர் சொல்வதை.

ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களே பெரும்பாலானதைச் சொல்லிவிடுகின்றன. முதலில் அந்த ‘பிறக்கும்போது நன்றாகத்தானே இருந்தான்’ என்ற குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு நுரையீரலில் வேலை இல்லை. அங்கே போகும் ரத்தக் குழாய்கள் இறுகிப்போய் இருக்கும். பிறந்து மூச்சு விட ஆரம்பித்த பிறகு, நான்கு முதல் எட்டு வாரங்களில் அவை மெல்லத் தளர்கின்றன. இதயத்தின் கீழறைகளுக்கு நடுச்சுவரில் பெரிய ஓட்டை (அதுதான் வி.எஸ்.டி.) இருந்தால், அந்தத் தளர்ச்சிக்குப் பிறகுதான் இடப்பக்க ரத்தம் வலப்பக்கம் பாய்ந்து நுரையீரலை நனைக்கத் தொடங்கும். அதனால்தான் முதல் மாதம் சும்மா இருந்த பிள்ளைக்கு இரண்டாம் மாதம் மூச்சு வாங்குகிறது.

பால் குடிப்பது நமக்கு விளையாட்டாகத் தெரியும். மூன்று மாதக் குழந்தைக்கு அதுதான் மாடிப்படி ஏறுவது. உங்கள் மகனின் இதயம் ஒரே ரத்தத்தைத் திரும்பத் திரும்ப நுரையீரலுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. குடிக்கிற கொஞ்சப் பாலும் அந்த உழைப்புக்கும் மூச்சுக்குமே செலவாகிறது. நல்ல நிலையில் இருக்கும் குழந்தை ஐந்து மாதத்தில் பிறந்த எடையைப் போல் இரண்டு மடங்கு ஆகிவிடும். உங்கள் மகன் இதே வேகத்தில் போனால் அதற்குள் அங்கே போய்ச் சேரமாட்டான். பத்துக் கிலோ ஏறிய பிறகு ஆபரேஷன் என்றால், அந்தப் பத்துக் கிலோ எங்கிருந்து வரும்? ஓட்டையை மூடிய பிறகுதான் இந்தப் பிள்ளைகளுக்கு எடை ஏறும். ஆபரேஷன் முடிந்த சில வாரங்களிலேயே ‘இப்போது பால் போதவில்லை டாக்டர்’ என்று புகார் சொல்ல வரும் தாய்மார்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பத்துக் கிலோ கணக்கை உங்கள் மாமியார் கற்பனையாகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னதுதான் அது. 1954-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வால்ட்டன் லில்லஹை முதன்முதலாக இந்த ஓட்டையை நேரில் பார்த்துத் தைத்தபோது, நம்பத்தக்க இதய-நுரையீரல் இயந்திரம் கைவசம் இல்லை. குழந்தையின் ரத்தக் குழாய்களைப் பெரும்பாலும் அதன் தந்தை அல்லது தாயோடு இணைத்து, அவர்கள் இதயத்தையும் நுரையீரலையுமே இயந்திரமாக வைத்துக்கொண்டார். அப்படி 45 பேருக்குச் செய்ததில் 28 பேர் வீடு திரும்பினார்கள். பிறகு இயந்திரங்கள் வந்தன. ஆனால் அவை சிறு உடம்புக்கு ஏற்றவையாக இல்லை. ஆகவே நுரையீரல் குழாயில் ஒரு பட்டையைக் கட்டி ரத்தத்தைக் குறைத்து, பிள்ளை வளரட்டும் என்று காத்திருந்தார்கள். 1970-களில் பாஸ்டனில் ஆல்டோ காஸ்டனேடா போன்றவர்கள், கைக்குழந்தையிலேயே ஒரே ஆபரேஷனில் சரிசெய்வது நல்லது என்று செய்து காட்டினார்கள். இன்று நம் ஊர் மையங்களிலும் மூன்று கிலோ, நான்கு கிலோக் குழந்தைகள் ஆபரேஷன் மேசைக்குப் போவது அன்றாட வேலை.

காத்திருப்பதில் இன்னொரு ஆபத்து உண்டு. இதை உங்கள் மாமியாரிடம் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். இவ்வளவு ரத்தம் இவ்வளவு அழுத்தத்தோடு பாய்ந்துகொண்டே இருந்தால், நுரையீரலின் சிறு ரத்தக் குழாய்கள் தம்மைக் காத்துக்கொள்ளச் சுவரைத் தடிப்பாக்கிக்கொள்ளும். அப்போது பாயும் ரத்தம் குறையும். மூச்சு வாங்குவதும் குறையும். பிள்ளை பால் குடிப்பான், எடைகூட ஏறும். ‘பார்த்தாயா, ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிட்டது’ என்று வீடே மகிழும். உண்மையில் அதுதான் கதவு சாத்திக்கொள்ளும் நேரம். ஒன்றிரண்டு வயதுக்கு மேல் அந்தத் தடிப்பு திரும்பாத நிலைக்குப் போய்விடலாம். பிறகு ரத்தம் எதிர்த்திசையில் ஓடி, உதடும் நகமும் நீலமாகும். 1897-லேயே ஐசன்மெங்கர் என்ற மருத்துவர், இப்படியே வளர்ந்து ஆளான 32 வயதுக்காரர் ஒருவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அந்த நிலைக்குப் போனவருக்கு ஓட்டையை மூடினால் உயிருக்கே ஆபத்து.

இந்தியக் குழந்தை இதய மருத்துவர்கள் வகுத்த வழிகாட்டுதலும் இதையொட்டியதே: பெரிய வி.எஸ்.டி. என்றால், மருந்துக்கு அடங்கினாலும் ஆறு மாதத்துக்குள் மூடிவிட வேண்டும். அடங்காவிட்டால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். உங்கள் மகன் இரண்டாவது வகை.

சரி, நாத்தனார் மகள்? நாம் எல்லாவற்றையும் ‘ஓட்டை’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் வந்த வினை இது. அவளுக்கு இருந்தது, அநேகமாக மேலறைகளுக்கு நடுவில் இருக்கும் ஏ.எஸ்.டி. அங்கே அழுத்தம் குறைவு. பள்ளிக்கூடம் போகும் வயதுக்குச் சற்று முன் மூடினால் போதும். பக்கத்துத் தெருப் பையனுக்கு நடுச்சுவரின் தசைப்பகுதியில் சிறு துளை இருந்திருக்கும். அவற்றில் பல தானாக மூடும். வேடிக்கை என்னவென்றால், சிறு துளைதான் ஸ்டெதாஸ்கோப்பில் பெரிய சத்தம் போடும், குழாய் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் தண்ணீர் சீறுவது போல. நாலு கிலோக் குழந்தையின் மகாதமனி வாயே ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர்தான். உங்கள் மகனின் ஓட்டை அதற்குக் கிட்டத்தட்டச் சமம். அது தானாக மூடும் என்று நம்பி உட்கார முடியாது.

இதைவிட அவசரமானவையும் உண்டு. பெருங்குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் மூன்று வாரத்துக்குள் ஆபரேஷன் முடிய வேண்டும். தாமதித்தால் இடக்கீழறை பலம் இழந்து, மாற்றிப் பொருத்திய வேலையைத் தாங்காது. ஆக, நாள் குறிப்பது எந்தக் கோளாறு, நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான். தராசு அதற்குப் பிறகுதான்.

பயம் இருக்கத்தான் செய்யும். நெஞ்செலும்பைத் திறந்து, இதயத்தை நிறுத்தி, ஓட்டையின் மேல் ஒட்டுத்துணி வைத்துத் தைப்பார்கள். சில நாள் ஐ.சி.யு. இதயத் துடிப்பின் மின்பாதை அந்த ஓட்டையின் ஓரமாகவே ஓடுவதால், அரிதாகச் சிலருக்கு பேஸ்மேக்கர் தேவைப்படும். இந்த எடையில் மாதம் எத்தனை குழந்தைகளுக்குச் செய்கிறார்கள், முடிவு எப்படி இருக்கிறது என்று மருத்துவமனையில் நேராகக் கேளுங்கள். நல்ல மையம் அதற்குக் கோபப்படாது.

அதுவரை பாலைப் பிழிந்து பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். நீர் பிரியும் மருந்தை ஒரு வேளையும் விடவேண்டாம். தடுப்பூசிகளை நிறுத்தாதீர்கள், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு இடைவெளி என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சளி பிடித்தவர்கள் யாரும் பிள்ளையைத் தூக்கவேண்டாம், பாசத்தில்கூட. விலா குழிவிழ மூச்சு வாங்கினாலோ, பாலே குடிக்காவிட்டாலோ, உடல் சில்லிட்டாலோ தேதிக்குக் காத்திராமல் உடனே கிளம்புங்கள்.

பணம் தடையாக இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பிறவி இதய ஆபரேஷன்களுக்கு வழி உண்டு. அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தில் எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டினால் வழிநடத்துவார்கள். குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, இதுவரை எடுத்த எல்லா ரிப்போர்ட்டுகளையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். ஆடி கழியக் காத்திருக்க வேண்டாம். டாக்டர் கொடுத்த தேதிக்கே போய்ச் சேருங்கள், மாமியாரையும் கூட்டிக்கொண்டு.