கருடனுக்கு ஆசானான காகம்

வடநாட்டில் ராமசரிதமானஸ் பாராயணம் நிறைவை நெருங்கும் நாட்களில், உத்தரகாண்டத்தின் பிற்பகுதி வரும்போது, கேட்போர் நடுவே ஒரு வியப்பு எழுவது வழக்கம். ஸ்ரீராமரின் கதை முடிந்து பட்டாபிஷேகமும் ஆகிவிட்டது. ஆனால் நூல் முடியவில்லை. அங்கே ஒரு காகம் பேசத் தொடங்குகிறது. கேட்பவனோ பறவைகளின் அரசனாகிய கருடன். மகாவிஷ்ணுவைத் தோளில் சுமப்பவன். 1574-ஆம் ஆண்டு அயோத்தியில் இந்நூலை எழுதத் தொடங்கிய துளசிதாசர், ஞானம் பக்தி ஆகியவற்றைப் பற்றித் தாம் சொல்ல விரும்பிய மிக ஆழ்ந்த கருத்துகளை ஒரு காகத்தின் வாயில் வைத்தார்.

ஏன் காகம்? அன்னம் இருக்கிறது, கிளி இருக்கிறது, மயில் இருக்கிறது. சாத்திரமும் கவிதையும் போற்றிய பறவைகளுக்குக் குறைவில்லை. காகத்தையோ நாம் அறிவோம். எச்சில் இலையைக் கிளறுவது, வடாம் காயும் மாடியில் கண்ணிமைக்கும் நேரத்தில் களவாடுவது, குரலும் இனிமையற்றது. கையை வீசி விரட்டுவதே நமக்குப் பழக்கம். அப்படி விரட்டப்படும் ஒன்றின் எதிரே கருடன் சீடனாக அமர்ந்தான் என்பதை நம் நூல்கள் எந்தக் கூச்சமும் இன்றிச் சொல்கின்றன.

பித்ருக்களும் காகமும்

காகத்திற்குச் சோறிடும் வழக்கம் நாடெங்கும் உள்ளது. மகாளய பட்சத்தில் கயையிலும் காசியிலும், அமாவாசை நாட்களில் தமிழக இல்லங்களிலும், காகம் வந்து உண்ணும்வரை வீட்டார் காத்திருப்பர். நேபாளத்தில் தீபாவளியை ஒட்டி வரும் திஹார் விழாவின் முதல் நாளே காகத்திற்கு உரியது. பஞ்ச மகா யக்ஞங்களுள் ஒன்றான பூதயக்ஞத்தில், நாய்க்கும் காகத்திற்கும் புழு பூச்சிகளுக்கும் உரிய அன்னத்தைத் தரையில் மெதுவாக வைக்க வேண்டும் என்று மனுஸ்மிருதி கூறுகிறது. எறியக் கூடாது, மெதுவாக வைக்க வேண்டும். கொடுப்பவனின் மனநிலையைத் திருத்துவதற்காகவே அச்சொல் அங்கு அமைந்திருக்க வேண்டும்.

இவ்வழக்கத்திற்கு ஒரு காரணக் கதையை வால்மீகி ராமாயணத்தின் உத்தரகாண்டம் தருகிறது. மருத்தன் என்னும் மன்னன் வேள்வி செய்துகொண்டிருந்தபோது ராவணன் அங்கே வந்தான். அவனுக்கு அஞ்சிய தேவர்கள் விலங்கு, பறவை வடிவங்களில் ஒளிந்துகொண்டனர். இந்திரன் மயிலானான்; வருணன் அன்னமானான்; குபேரன் ஓணானானான்; யமன் காகமானான். ஆபத்து நீங்கியபின் அவரவர் தமக்கு இடம் கொடுத்த உயிருக்கு வரம் அளித்தனர். மற்றப் பிராணிகளை வருத்தும் நோய்கள் காகத்தை அணுகா என்றும், காகம் உண்டு பசியாறும்போது தன் உலகில் பசியோடிருக்கும் மனிதர்களும் பசியாறுவர் என்றும் யமன் அருளினான்.

மரணத்தின் தேவன் அச்சத்தினால் ஒரு காகத்தின் சிறகுகளுக்குள் ஒளிந்திருந்தான் என்பது சற்றே புன்னகையை வரவழைக்கும் செய்திதான். எனினும் அந்த நன்றிக்கடன் இன்றும் ஒவ்வொரு சிராத்த நாளிலும் நம் வீட்டுக் கொல்லையில் தீர்க்கப்படுகிறது.

இயற்கையின் கண்ணில்

இந்தியாவில் நாம் நாள்தோறும் காண்பவை பெரும்பாலும் இரண்டு வகை. கழுத்து சாம்பல் நிறமாக இருப்பது வீட்டுக்காகம். உடல் முழுவதும் கருத்து, தடித்த அலகுடன் இருப்பது அண்டங்காக்கை. இவற்றினும் பெரியதான ரேவன் என்னும் பெருங்காகத்தை லடாக் போன்ற இமயப் பகுதிகளிலும், ராஜஸ்தான் முதலிய வடமேற்குப் பகுதிகளிலும் காணலாம். காகக் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் அலகுப் பறவை ஒன்று, எவரெஸ்ட் சிகரம் ஏறுவோரைப் பின்தொடர்ந்து 8,000 மீட்டர் உயரம்வரை செல்கிறது.

அமரகோசம் காகத்திற்குப் பல பெயர்களைச் சொல்கிறது. பலியை உண்பதால் பலிபுக்; தன் பெயரைத் தானே கூவுவதால் ஆத்மகோஷம்; பிறர் குஞ்சை வளர்ப்பதால் பரப்ருத். குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இடுகிறது. காகம் அதை அடைகாத்து, பொரிந்த குஞ்சுக்குத் தன் குஞ்சோடு சேர்த்து இரை ஊட்டுகிறது. ஆகவே குயிலுக்குப் பரப்ருதம், அதாவது பிறரால் வளர்க்கப்பட்டது என்று பெயர். வசந்தகாலத்தில் குயிலின் குரலைப் புகழாத கவிஞர் இல்லை. அந்தக் குரலுக்கு உணவளித்த அலகைப் பற்றி எழுதியவர்கள் சிலரே.

காகத்தின் அறிவாற்றலை அண்மைக்கால ஆய்வுகள் வியப்போடு பதிவு செய்துள்ளன. 2002-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் பெட்டி என்ற நியூ கலிடோனியக் காகம், நேரான கம்பியைத் தானே கொக்கியாக வளைத்து, குழாய்க்குள் இருந்த உணவை எடுத்தது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சியாட்டில் நகரில் 2006-ஆம் ஆண்டு, குறிப்பிட்ட ஒரு முகமூடியை அணிந்து சில காகங்களைப் பிடித்து விடுவித்தனர். அதன்பின் பல ஆண்டுகள் அந்த முகமூடியுடன் யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தின. பிடிபடாத காகங்களும், பின்னால் பிறந்த காகங்களும்கூட அம்முகத்தை இனங்கண்டன. நினைவு என்பது அப்பறவையிடம் தலைமுறை கடந்து செல்கிறது.

பழைய நார்வே, ஐஸ்லாந்து மக்களின் புராணத்தில் ஓடின் என்னும் தேவனின் தோள்களில் இரண்டு பெருங்காகங்கள் அமர்ந்திருக்கும். ஒன்றின் பெயர் எண்ணம்; மற்றொன்றின் பெயர் நினைவு. நாள்தோறும் உலகைச் சுற்றிவரும் அவ்விரண்டில், நினைவு திரும்பாமல் போய்விடுமோ என்றே ஓடின் அதிகம் கவலைப்படுகிறான். கடல் கடந்த அம்மக்களும் காகத்தை நினைவோடு இணைத்திருப்பது எண்ணத்தக்கது. ஏனெனில் நம் காகபுசுண்டரும் நினைவின் வடிவமே.

மேரு சிகரத்தில் ஒரு முதிய பறவை

யோக வாசிஷ்டத்தின் நிர்வாணப் பிரகரணத்தில் வசிஷ்டரே இவ்வரலாற்றை ராமருக்குச் சொல்கிறார். இந்திரசபையில் நீண்ட ஆயுள் உடையவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. சாதாதபர் என்னும் முனிவர், மேரு மலையின் சிகரம் ஒன்றில் கற்பக மரத்தின் கிளையில் வாழும் புசுண்டன் என்ற காகத்தைக் குறிப்பிட்டார். வசிஷ்டர் ஆவலுற்று அங்கே சென்றார்.

முனிவர் திடீரென்று வானிலிருந்து இறங்கியதும் மற்றக் காகங்கள் கலவரமடைந்தன. புசுண்டர் பதறவில்லை. எழுந்து வரவேற்றார். காகத்திற்குக் கைகள் ஏது? சங்கல்பத்தால் கைகளை உண்டாக்கி, அவற்றால் மலர்களைத் தூவினார். தம் பிறப்பையும் மறைக்காமல் கூறினார். அலம்புசை என்னும் தேவியின் வாகனமான சண்டன் என்ற காகத்திற்கும், பிராம்மி தேவியின் வாகனங்களான அன்னங்களுக்கும் பிறந்த இருபத்தொரு சகோதரர்களுள் தாம் ஒருவர். மற்றவர் அனைவரும் உடலை நீத்துவிட்டனர். தாம் மட்டுமே எஞ்சியுள்ளார்.

எத்தனையோ படைப்புகள் தோன்றி மறைந்ததை அவர் பார்த்திருக்கிறார். தம்முன் நிற்கும் வசிஷ்டருக்கு அது எட்டாவது பிறவி என்பதையும் அவர் நினைவில் வைத்திருந்தார். பிரளயத்தில் சூரியர்கள் எரிக்கும்போது நீரைத் தாரணை செய்வார். பெருங்காற்று வீசும்போது மலையைத் தாரணை செய்வார். வெள்ளம் சூழும்போது காற்றைத் தாரணை செய்து மிதப்பார்.

மரணம் ஏன் உங்களை நெருங்கவில்லை என்று வசிஷ்டர் கேட்டார். சித்தியையோ மருந்தையோ புசுண்டர் காரணமாகக் கூறவில்லை. ஆசை என்னும் நூலில் குற்றங்களைக் கோத்து வைத்திராதவனை மரணம் நாடுவதில்லை என்றார். தமது சாதனையையும் விளக்கினார். மூச்சு வெளியே சென்று ஓய்கிறது. உள்மூச்சு இன்னும் எழவில்லை. உள்மூச்சு வந்து அடங்குகிறது. வெளிமூச்சு இன்னும் தொடங்கவில்லை. அவ்விரு இடைவெளிகளிலும் எது விளங்குகிறதோ அதிலேயே மனத்தை நிறுத்தியிருப்பதாகக் கூறினார். மூச்சை அடக்கும்படி அவர் சொல்லவில்லை. கவனிக்கும்படியே சொன்னார் என்பதைச் சாதகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். போனதை எண்ணி வருந்துவதும் வரப்போவதை எண்ணி ஏங்குவதும் தம்மிடம் இல்லை என்றும் அவர் கூறினார். யுகங்களை நினைவில் சுமப்பவர் அவற்றுள் எதனாலும் சுமை அடையவில்லை.

இரண்டு சாபங்கள்

துளசிதாசர் காட்டும் காகபுசுண்டரின் வாழ்க்கை இதனினின்றும் வேறானது, வலி நிறைந்தது. முன்னொரு கலியுகத்தில் அவர் அயோத்தியில், உலகம் தாழ்ந்ததென்று கருதிய குலத்தில் பிறந்தார். பஞ்சம் வந்தது. உஜ்ஜயினிக்குச் சென்றார். அங்கே மென்மையான உள்ளம் கொண்ட ஓர் அந்தணர் அவருக்குச் சிவமந்திரம் உபதேசித்தார். சீடரிடம் சிவபக்தி வளர்ந்தது. கூடவே ஹரியின் மீது வெறுப்பும் வளர்ந்தது. சிவனே ராமனைப் போற்றுகிறான் என்று குரு பொறுமையாக எடுத்துரைத்தபோது சீடரின் உள்ளம் எரிந்தது. ஒருநாள் சிவாலயத்தில் அவர் ஜபம் செய்துகொண்டிருக்கையில் குரு வந்தார். சீடர் எழவில்லை.

குரு அதைப் பொருட்படுத்தவே இல்லை, சிவபெருமான் பொறுக்கவில்லை. மலைப்பாம்பாகக் கிட என்று சாபம் ஒலித்தது. அவமதிக்கப்பட்ட அந்தக் குருவே தரையில் விழுந்து, அழுது, துதித்து, சாபத்தைத் தணிக்க வேண்டினார். ஆயிரம் பிறவிகள் எடுத்தே ஆகவேண்டும். ஆனால் பிறப்பின் துன்பமும் இறப்பின் துன்பமும் இரா, அறிவும் அழியாது என்று இறைவன் இரங்கினான். ஜபம் செய்யும் வாயும் எழ மறுக்கும் கால்களும் ஒரே மனிதனிடம் இருக்கக்கூடும் என்பதைத் துளசிதாசர் எவ்வித அலங்காரமும் இன்றி எழுதிச் செல்கிறார்.

கடைசியில் அந்தண உடல் கிடைத்தது. மேருவில் ஆலமர நிழலில் அமர்ந்திருந்த லோமச முனிவரிடம் சென்று, ராமனை வழிபடும் நெறியைச் சொல்லுங்கள் என்று வேண்டினார். முனிவரோ குணங்களற்ற பிரம்மத்தைப் பற்றி உபதேசிக்கலானார். இவர் மறுத்தார். முனிவர் மீண்டும் விளக்கினார். இவர் மீண்டும் மறுத்தார். வாதம் முற்றியது. அத்வைதம் பேசிய முனிவருக்கே சினம் மூண்டது. சினத்திற்கு இரண்டு பேர் வேண்டுமே, எல்லாம் ஒன்றாயின் அது எப்படி எழும் என்று சீடரின் மனத்துள் ஓர் ஐயம் ஓடியதைக் கவிஞர் குறும்போடு குறிப்பிடுகிறார். எதையும் நம்பாமல் எல்லாவற்றுக்கும் அஞ்சும் காகத்தைப் போல இருக்கிறாய், பறவைகளில் கடைப்பட்ட காகமாகவே ஆவாய் என்று முனிவர் சபித்தார்.

சிவாலயத்தில் சாபம் கேட்டு நடுங்கிய அதே உயிர், இம்முறை அஞ்சவில்லை, சினக்கவும் இல்லை. காகமாக மாறியவுடன் முனிவரின் திருவடிகளில் வணங்கி, ராமனை நினைத்தபடி மகிழ்ச்சியோடு பறந்தது. அந்தப் பணிவைக் கண்டு லோமசர் வருந்தினார். திரும்ப அழைத்து, ராம மந்திரத்தையும், பாலராமனின் தியானத்தையும், ராமசரிதத்தையும் உபதேசித்தார். விரும்பும்போது உடலை விடலாம், விரும்பிய வடிவத்தை எடுக்கலாம் என்ற வரங்களும் கிடைத்தன.

ஆயினும் அவர் காகமாகவே இருந்துவிட்டார். ஏன் இந்த உடல் என்று கருடன் கேட்டபோது, ராமபக்தி தமக்கு இந்த உடலில்தான் வாய்த்தது, அதனால் இதன்மீது தமக்கு அன்பு என்றார்.

நீலமலையில்

கருடன் அங்கே வந்த காரணமும் சிந்திக்கத்தக்கது. இந்திரஜித்தின் நாகபாசத்தால் கட்டுண்ட ராமரை விடுவித்தவன் அவன். அந்தச் சேவையே அவனுக்கு வினையாயிற்று. பிறவித் தளையை அறுப்பவன் ஓர் அரக்கனின் தளையில் சிக்குவானா? அவனை நான் அல்லவா விடுவித்தேன்? இந்த ஐயத்தோடு நாரதரிடம் போனான். அவர் பிரம்மாவிடம் அனுப்பினார். பிரம்மா சிவனிடம் அனுப்பினார். வழியிலேயே சந்தித்த சிவனும் தாமே தெளிவிக்காமல் காகத்திடம் அனுப்பினார். பறவையின் மொழி பறவைக்கே புரியும் என்பது அவர் பார்வதியிடம் கூறிய காரணங்களுள் ஒன்று; கருடனுக்கு எப்போதோ செருக்கு உண்டாகியிருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

நீலமலையில் நான்கு மரங்கள். அரச மரத்தடியில் தியானம், இத்தி மரத்தடியில் ஜபம், மாமரத்தடியில் மானச பூஜை, ஆலமரத்தடியில் ஹரிகதை என்று காகபுசுண்டரின் நாள் கழியும். ஏரியின் அன்னங்கள் அமர்ந்து கேட்கும். சதியைப் பிரிந்த காலத்தில் சிவனே அன்ன வடிவில் அங்கே தங்கிக் கேட்டிருக்கிறார். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள காகபுசுண்டி ஏரியை அவ்விடமாகக் கருதி இன்றும் சிலர் கடினமான மலைப்பாதையில் நடந்து செல்கின்றனர். தமிழகத்தில் சித்தர்களுள் ஒருவராகவும் காகபுசுண்டர் போற்றப்படுகிறார்.

கருடனிடம் அவர் தத்துவம் மட்டும் பேசவில்லை. தமக்கும் ஒருமுறை இதே மயக்கம் வந்ததைச் சொன்னார். குழந்தை ராமன் கையில் பட்சணத்தோடு தம்மைப் பிடிக்கத் தவழ்ந்து வந்தான். தாம் விலகினால் அழுதான். அருகே வந்தால் சிரித்தான். உலகைப் படைத்தவன் இப்படியும் விளையாடுவானா என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அந்தச் சிறு கை நீண்டது. இவர் பறந்தார். பிரம்மலோகம் வரை பறந்தும், திரும்பிப் பார்த்தால் கை இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தது. அஞ்சிக் கண்ணை மூடித் திறந்தார். அயோத்தியின் முற்றத்திலேயே இருந்தார். குழந்தை சிரித்தது. அந்த வாய்க்குள் புகுந்து எண்ணற்ற அண்டங்களைக் கண்டார். நூறு கற்பங்கள் கழிந்தனபோல் இருந்தது. வெளியே வந்தபோது இரண்டு நாழிகையே ஆகியிருந்தது.

இதையெல்லாம் கேட்ட கருடன் மேலும் சில கேள்விகளைக் கேட்டான். காகமும் சலிக்காமல் விடை சொன்னது. ஐயம் தீர்ந்தபின், விஷ்ணுவின் வாகனமாகிய அவன் காகத்தின் பாதங்களில் தலை வைத்து வணங்கி, ராமனை நெஞ்சில் இருத்தி வைகுண்டத்திற்குப் பறந்து சென்றான்.