ஆட்கொணர்வு மனுவும் ஊர் வதந்தியும்

"நெருக்கடி நிலை வந்தால் பட்டாளம் இறங்கிவிடும், கோர்ட்டுகளைப் பூட்டிவிடுவார்கள், பிடித்துக்கொண்டு போனவனைக் கேட்க நாதி இருக்காது." பழனி மலையடிவாரத்துத் தேநீர்க் கடைகளில் இப்பேச்சை நான் பலமுறை கேட்டதுண்டு. இன்று அது கைப்பேசி வழியே இன்னும் விரைவாகப் பரவுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பர். ஆயினும் இப்பேச்சில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்று ஆராய்வது வரலாறு பயிலும் மாணவனின் கடமையன்றோ?

ஆட்கொணர்வு என்றால் என்ன?

காவலில் உள்ளவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துக. எந்தச் சட்டப்படி அடைத்தாய் என்று சொல்லுக. இதுவே ஆட்கொணர்வுப் பேராணை. இங்கிலாந்து 1679இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. நம் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்திற்கும், 226ஆம் பிரிவு உயர் நீதிமன்றங்களுக்கும் இவ்வதிகாரத்தை வழங்கியுள்ளன. அடைபட்டவரே மனுச் செய்ய வேண்டுவதில்லை; உற்றாரோ நண்பரோ செய்யலாம். விசாரணையின்றிக் கோவலன் வெட்டுண்ட கதையைப் படித்த நமக்கு இதன் அருமையை விளக்கவும் வேண்டுமோ?

கோடைக்கானலில் காவல்

காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லா வெளிநாட்டுப் பயணம் முடித்து 1965 மே மாதம் டில்லி திரும்பியதும் கைது செய்யப்பட்டார். முதலில் உதகையிலும், பின்னர் நம் கோடைக்கானலிலும் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார். அப்போது சீனப் போரையொட்டி 1962இல் அறிவித்த நெருக்கடி நிலை நடப்பில் இருந்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகள் கோலோச்சின.

அக்காலத்தில் நீதிமன்றங்கள் மூடிக் கிடந்தனவா? இல்லை. விதியை மீறியோ தீய நோக்கத்துடனோ அடைத்திருந்தால் கேள்வி கேட்கலாம் என்று 1963இல் மக்கன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1965இல் ராம் மனோகர் லோகியா விடுதலையானார். "பொது ஒழுங்கு" என்று இருக்க வேண்டிய ஆணையில் "சட்டம் ஒழுங்கு" என்று எழுதியிருந்ததே காரணம். ஒரு சொல் ஒரு மனிதரைச் சிறை மீட்டது! 1966இல் திருவனந்தபுரத்து மண்ணெண்ணெய் வணிகர் ஒருவரை அடைத்த ஆணையும் தீய நோக்குடையதென்று தள்ளுபடியாயிற்று.

இராணுவச் சட்டம் வேறு

நெருக்கடி நிலையும் இராணுவச் சட்டமும் ஒன்றல்ல. பின்னதில் படைத்தலைவரே ஆட்சி நடத்துவார். 1919இல் பஞ்சாபும், 1921இல் சென்னை மாகாணத்து மலபாரும் அக்கொடுமையைக் கண்டன. சுதந்திர இந்தியாவில் அது ஒருமுறையும் அறிவிக்கப்பட்டதில்லை. அமெரிக்காவிலும், நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் குடிமக்களை இராணுவ மன்றம் விசாரிக்கலாகாது என்று 1866இல் மில்லிகன் வழக்கில் தீர்ப்பாயிற்று.

கதவு அடைபட்ட காலம்

ஆனால் வதந்தியில் ஒரு துளி உண்மையும் உண்டு. 1975 ஜூன் 27இல் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணை, 1962இன் ஆணையைப் போல் வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறின. 1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம் நால்வர்க்கு ஒருவர் என்ற கணக்கில் அதை மறுத்தது. நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிச் சென்றது. 1978இல் வந்த 44ஆவது திருத்தம், உயிருக்கும் உடல் உரிமைக்கும் காவலான 21ஆம் பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்த முடியாதபடி செய்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு அப்பழைய தீர்ப்பையே தவறென்று ஒதுக்கியது.

நமக்கு என்ன?

தமிழகத்தில் குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைக்கலாம். மலைக்கிராமத்து ஏழைத் தாய், "குண்டாஸ் போட்டாச்சு, இனி ஒன்றும் நடக்காது" என்று யாரோ சொன்னதை நம்பி வாளாவிருந்தால் என்னாகும்? மகன் ஆண்டு முழுவதும் உள்ளே கிடப்பான். உண்மையில் எத்தனையோ ஆணைகள் ஆட்கொணர்வு மனுவால் உடைபட்டுள்ளன. கைதியின் முறையீட்டைக் காலதாமதமின்றிப் பரிசீலிக்கவில்லை, ஆவணங்களை அவர் அறிந்த மொழியில் தரவில்லை என்பன போன்ற காரணங்களே போதுமானவையாயின. 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை மதுரையிலேயே இருக்கிறது. சென்னை வரை ஓட வேண்டியதில்லை.

சட்டம் திறந்து வைத்த கதவை வதந்தி சாத்திவிடுகிறது. கேட்கவே முடியாது என்று நம்புகிறவன் கேட்பதில்லை. கேட்காதவனுக்கு நீதிமன்றம் திறந்திருந்தும் பயனில்லை. மாணவ நண்பர்களே! கைக்கு வந்த செய்தியை அடுத்தவர்க்கு அனுப்புமுன் அரசியலமைப்பின் 21, 22, 226ஆம் பிரிவுகளை ஒருமுறை படியுங்கள். நம் கல்லூரி நூலகத்தில் அந்நூல் இருக்கிறது. படித்ததை ஊரில் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.