மசாஜ் சிகிச்சை படித்தவர்கள் முதல் வேலையை எங்கே தேடுவது?

"உடம்பு பிடித்துவிடுவதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே இன்னும் உண்டு. ஆனால் சித்த மருத்துவம் இதனைத் 'தொக்கணம்' என்ற பெயரில் 32 புறமருத்துவ முறைகளுள் ஒன்றாகக் கொள்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் எனத் தொடங்கி 9 வகையாகவும் பிரிக்கிறது. ஹைதராபாத்தில் வழங்கும் யுனானி மருத்துவத்தில் இதற்குத் 'தல்க்' என்று பெயர். ஆகவே மௌலா அலியில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் இப்படிப்பை முடித்து வந்தால், தொழிலைக் குறைத்து எண்ண வேண்டாம். முதல் வேலை எங்கே என்பதில் மட்டும் கவனம் வேண்டும். முதலாண்டில் சம்பளத்தைவிடப் பெரியவை இரண்டு: கற்றுத் தருபவர் யார்? கை எவ்வளவு தேயும்?

1. மருத்துவமனை: சித்த, ஆயுர்வேத மருத்துவமனைகளிலும், பேகம்பேட்டை பக்கம் உள்ள அரசு இயற்கை மருத்துவமனை போன்ற இடங்களிலும் மருத்துவர் சொல்ல, சிகிச்சையாளர் செய்வார். எப்போது தொடக்கூடாது என்பதை இங்கேதான் கற்கலாம். காய்ச்சல், தொற்றும் தோல் நோய், கூடாத எலும்பு முறிவு ஆகியவற்றில் மசாஜ் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தினால் உயிருக்கே ஆபத்து.

2. பிசியோதெரபி நிலையம்: உதவியாளராகச் சேரலாம். ஆனால் பிசியோதெரபி தனிப் பட்டப்படிப்பு. மசாஜ் சான்றிதழை வைத்துக்கொண்டு அப்பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

3. ஹோட்டல், ஸ்பா: சுத்தம், நல்ல கருவிகள், டிப்ஸ் ஆகியவை கிடைக்கும். வேலைப் பளுவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நாளைக்கு ஒரு மணி நேர மசாஜ் 4 என்றால், 26 வேலை நாட்களில் 104 மணி. நாளைக்கு 8 என்றால் 208 மணி. இரண்டாவது இடம் இருமடங்கு சம்பளம் தந்தாலும், கட்டைவிரல் மூட்டு போய்விட்டால் தொழிலே போய்விடும்.

4. வீட்டுக்குச் சென்று செய்வது: வருமானம் முழுவதும் நமக்கே. ஆனால் கூட ஒருவரும் இருக்கமாட்டார்கள். அனுபவமும் அறிமுகமும் ஏற்பட்ட பிறகு தொடங்குவது நல்லது.

பெற்றோர் பார்க்க வேண்டியவை

பெண் பிள்ளையானால் ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். பெயர்ப்பலகை, வரவேற்பறை, விலைப்பட்டியல் ஆகியவை ஒளிவுமறைவின்றி உள்ளனவா? தவறாக நடக்கும் வாடிக்கையாளரை வெளியே அனுப்பும் உரிமை பணியாளருக்கு உண்டா? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

பயணமும் முக்கியம். மௌலா அலி - சனத்நகர் பாதையில் 2024 மார்ச்சில் எம்.எம்.டி.எஸ். ரயில் தொடங்கியதால் லிங்கம்பள்ளி பக்கம் வேலை தேடவும் வழி பிறந்தது. ஆயினும் ஸ்பா வேலை இரவில் வெகு நேரம் நீளலாம். திரும்பி வர வண்டி உண்டா என்பதை வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்முகத்தில் பிள்ளைகள் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

* நாளைக்கு எத்தனை பேர்? இடையில் எத்தனை நிமிட ஓய்வு?
* மேசையின் உயரத்தை மாற்றலாமா? கையைத் தொங்கவிட்டு நின்றால் விரல் முட்டி படும் உயரமே பொதுவாகச் சரியானது.
* முதல் 3 மாதம் மேற்பார்ப்பவர் யார்?
* வந்தவரின் நோய் விவரத்தை எழுதி வாங்கும் வழக்கம் உண்டா?
* சம்பளம், கமிஷன், விடுமுறை எழுத்தில் தருவார்களா? அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பார்களா?

கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றால் அந்த இடம் வேண்டாம். மற்றவற்றுக்கு நல்ல பதில் வந்தால், சம்பளம் சற்றுக் குறைவானாலும் ஓராண்டு அங்கே இருக்கலாம். கற்ற கையும் நல்ல பெயரும் இருந்தால் அடுத்த வேலை தேடி வரும்.