அனுப்பிய பணம் எங்கே நிற்கிறது?

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி வியாபாரிகளுள் சிலர் வெளிநாட்டிலிருந்து நேரடியாகவே சரக்குத் தருவிக்கின்றனர். "பணம் இன்னும் வரவில்லை" என்கிறார் அங்குள்ளவர். "நாங்கள் அனுப்பிவிட்டோம்" என்கிறது இங்குள்ள வங்கி. இடையில் நாம் தவிக்கிறோம். இதற்கு என்ன வழி என்று பார்ப்போம்.

இரு வங்கிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லாவிட்டால், இடையில் வேறு வங்கிகள் வரும். அவை கட்டணம் கழிக்கலாம். சந்தேகம் வந்தால் நிறுத்தியும் வைக்கலாம். இவ்வங்கிகளுக்கிடையே பணம் பற்றிய கட்டளைகளைக் கொண்டு செல்வது, 1973 இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்ட ஸ்விப்ட் அமைப்பாகும். 2018 நவம்பர் முதல் அதன் வழியாகச் செல்லும் வாடிக்கையாளர் கொடுப்பனவு ஒவ்வொன்றுக்கும் 36 இடங்கள் கொண்ட தனி இலக்கம் உண்டு. அதன் பெயர் யூ.ஈ.டி.ஆர். கூரியர் பொதியின் இலக்கத்தைப் போன்றதே இதுவும். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்பதை இதைக் கொண்டு வங்கியால் தேட முடியும். ஆகவே பணம் அனுப்பியதும் இந்த இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். விற்பவருக்கும் அனுப்புங்கள்.

ஆனால் பாதை தெரிவது வேறு, பாதுகாப்பு வேறு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்த திருடர்கள், நியூயோர்க்கிலிருந்த அதன் கணக்கிலிருந்து பணம் அனுப்பும்படி ஸ்விப்ட் மூலமே கட்டளையிட்டனர். 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டொலர் மட்டும் தப்பியது. பெயரிலிருந்த எழுத்துப் பிழையைக் கண்டு இடைவங்கி விளக்கம் கேட்டதே காரணம். பொய்க் கட்டளையையும் இயந்திரம் ஒழுங்காகவே கொண்டு சென்றது. அதைத் தடுத்தது ஒரு கேள்வி.

நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு ஆபத்து மின்னஞ்சலில் வருகிறது. விற்பவரின் மின்னஞ்சலுக்குள் புகுந்தவன், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று புதிய இலக்கம் அனுப்புவான். விலைச்சீட்டு, முத்திரை எல்லாம் அசலைப் போலவே இருக்கும். யூ.ஈ.டி.ஆர். இலக்கம் பணம் போய்ச் சேர்ந்ததைத்தான் காட்டும். சேர்ந்த இடம் திருடனின் கணக்கு என்று சொல்லாது.

எனவே நான் கடைப்பிடிக்கும் முறை இது. கணக்கு இலக்கம் மாறினால், அந்த மின்னஞ்சலிலுள்ள தொலைபேசி இலக்கத்தை நம்பமாட்டேன். முன்பே என் குறிப்புப் புத்தகத்திலிருக்கும் இலக்கத்துக்கு அழைத்து, விற்பவரின் வாயாலேயே கேட்டுக்கொள்வேன். அதன் பிறகே வங்கிக்குப் போவேன். திருடன் பணத்தை எடுத்துவிட்டால் மீட்பது மிகக் கடினம். அதற்கு முன் பேசும் இரண்டு நிமிடமே நமது முதலைக் காக்கும்.